ஐ-95 வழியாக ஃப்ளோரிடா போகிறீர்களா? வர்ஜீனியா எல்லை வருமுன் இதைப் படித்துவிடுங்கள்

நியூ ஜெர்சியில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒர்லாண்டோவுக்குக் காரில் போவது ஏறக்குறைய ஒரு சடங்கு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், டிசம்பர் விடுமுறை, ஆறு பேருக்கு விமானக் கட்டணம் பார்த்தால் தலை சுற்றும். "ஆயிரம் மைல்தானே, ராத்திரி கிளம்பினா மறுநாள் சாயங்காலம் போயிடலாம்" என்று ஒரு நண்பர் சொல்லுவார். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம்.

விடியற்காலை ஐந்து மணி. வர்ஜீனியாவின் தென்கோடி, வட கரோலினா எல்லைக்குச் சில மைல்கள்தான் பாக்கி. பின்னால் நீல விளக்கு. மணிக்கு 70 மைல் வேகவரம்பில் நான் 91-இல் போயிருந்தேன். ட்ரூப்பர் (மாநிலப் போலீஸ்காரர்) ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பார்த்துப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார். அபராதம்தானே, வந்து கட்டிக்கொள்ளலாம் என்று தாளை டேஷ்போர்டில் போட்டுவிட்டு, ஒரு வாரம் பிள்ளைகளோடு ஊர் சுற்றினேன். வீட்டுக்கு வந்து தபால்பெட்டியைத் திறந்தால் ஏழெட்டு வக்கீல் அலுவலகங்களிலிருந்து கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே செய்தி: உங்கள் மேல் கிரிமினல் வழக்கு இருக்கிறது, ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு வாய்ப்புண்டு. மோசடிக் கடிதம் என்றுதான் முதலில் நினைத்தேன். டேஷ்போர்டிலிருந்து தாளை எடுத்து அப்போதுதான் முழுதாகப் படித்தேன். கடிதங்கள் சொன்னது உண்மை.

அந்த வழக்கை முடிக்க எனக்கு இரண்டு மாதமும், எல்லாம் சேர்த்துச் சுமார் 1,500 டாலரும் ஆயிற்று. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன, ஆகவே கிளம்பும் வாரத்தில் அந்தந்த மாநில மோட்டார் வாகனத் துறையின் (டிஎம்வி) தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

1. கிளம்புமுன்: எந்த மாநிலத்தில் எந்த எண் ஆபத்து என்று எழுதி வையுங்கள்

நியூ ஜெர்சியிலிருந்து ஃப்ளோரிடா வரை எட்டு மாநிலங்கள்: நியூ ஜெர்சி, டெலவேர், மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, ஃப்ளோரிடா. சாலை ஒன்றுதான், ஐ-95. பலகையில் எழுதியிருக்கும் வேகவரம்பும் பெரிதாக மாறாது. 65, பிறகு 70. மாறுவது, வரம்பை மீறினால் அதற்கு என்ன பெயர் என்பதுதான்.

நியூ ஜெர்சியில் 65 வரம்பில் 86 போனால் லைசென்ஸ் ரெக்கார்டில் நாலு பாயிண்ட் (மீறலுக்கான எதிர்ப்புள்ளி), அபராதம். எரிச்சல்தான், ஆனால் அது போக்குவரத்து மீறலோடு முடிந்துவிடும்.

வர்ஜீனியாவுக்குள் நுழைந்ததும் கதை வேறு. அங்கே சட்டப்பிரிவு 46.2-862 சொல்வது இரண்டே வரி: வேகவரம்பைவிட 20 மைலோ அதற்கு மேலோ போனால் அது ரெக்லெஸ் டிரைவிங் (பொறுப்பற்று ஓட்டுதல்), வரம்பு எதுவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலும் அது ரெக்லெஸ் டிரைவிங். நீங்கள் வளைந்து வளைந்து ஓட்டியிருக்க வேண்டியதில்லை, யாரையும் இடிக்கப் போயிருக்க வேண்டியதில்லை. சாலையில் ஈ காக்கை இல்லாத நேரமாக இருந்தாலும் எண் ஒன்றே போதும். இது கிளாஸ் 1 மிஸ்டிமீனர், அதாவது பெருங்குற்றத்துக்கு ஒரு படி கீழான கிரிமினல் குற்றவகை. மிஸ்டிமீனர் வகையில் அதற்கு மேல் கிடையாது. அதிகபட்சத் தண்டனை 12 மாதச் சிறை, 2,500 டாலர் அபராதம், ஆறு மாதம் வரை லைசென்ஸ் முடக்கம். (2020 ஜூலை வரை அந்த 85 என்பது 80-ஆக இருந்தது. "80 தாண்டினாலே கேஸ்" என்று பழைய ஆட்கள் சொல்வது அதனால்தான். இப்போதும் 65-க்கு மேற்பட்ட வரம்புள்ள சாலைகளில் 81 முதல் 85 வரை போனால் கூடுதலாக 100 டாலர் உண்டு.)

இந்தக் கணக்கை மனதில் போட்டுப் பாருங்கள். 70 வரம்பில் 86 வேண்டும். 65 வரம்பில் 85 போதும். 55 வரம்பில் வெறும் 75. வாஷிங்டனைச் சுற்றிப் போகும் பெல்ட்வேயில் 55 வரம்பு. அங்கே எல்லோரும் 70-இல்தான் போவார்கள். கொஞ்சம் காலை அழுத்தினால் கிரிமினல் வழக்கு.

மற்ற மாநிலங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வட கரோலினா: வரம்பைவிட 15 மைலுக்கு மேல் போனாலோ 80-ஐத் தாண்டினாலோ அதுவும் மிஸ்டிமீனர்தான், கிளாஸ் 3. வர்ஜீனியா அளவுக்குக் கடுமை இல்லை. ஆனால் வெறும் டிக்கெட்டும் இல்லை.

ஜார்ஜியா: "சூப்பர் ஸ்பீடர்" என்று ஒரு சட்டம். எந்தச் சாலையிலும் 85-ஓ அதற்கு மேலோ, இருவழிச் சாலையில் 75-ஓ அதற்கு மேலோ போய்த் தண்டனை பெற்றால், உள்ளூர் அபராதம் போக மாநிலத்துக்குத் தனியாக 200 டாலர். பொறி எங்கே என்றால், இது கோர்ட்டில் கேட்கப்படாது. பிறகு தபாலில் வரும். அபராதம் கட்டியாயிற்றே என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டால் லைசென்ஸ் முடங்கும்.

ஃப்ளோரிடா: 30 மைலோ அதற்கு மேலோ மீறினால் நேரில் ஆஜராக வேண்டும். 2025 ஜூலை முதல், வரம்பைவிட 50 மைலோ அதற்கு மேலோ அதிகமாகப் போனால், அல்லது மற்றவர்களுக்கு ஆபத்தாக 100-ஓ அதற்கு மேலோ போனால், முதல் தடவைக்கே 30 நாள் வரை சிறை.

மேரிலாந்தில் முக்கியமான தொல்லை கேமரா. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிழக்குக் கரையில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். சிகாகோ பக்கம் இருப்பவர்களுக்கு: இல்லினாயில் 26 மைல் மீறினாலே மிஸ்டிமீனர், 35 மீறினால் அதைவிடப் பெரிய மிஸ்டிமீனர். கிராண்ட் கேன்யன் பார்க்கப் போகிறவர்களுக்கு: அரிசோனாவில் 85-ஐத் தாண்டினால் கிரிமினல் ஸ்பீடிங், ஆளில்லாத பாலைவனச் சாலையாக இருந்தாலும்.

நான் இப்போது செய்வது இதுதான்: ஒரு சின்ன அட்டையில் மாநிலப் பெயரும் பக்கத்தில் ஒரே ஒரு எண்ணும் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். மனைவி கிண்டல் செய்கிறாள். பரவாயில்லை.

2. காரில் என்னென்ன தாள்கள் வேண்டும்

லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் கார்டு. மூன்றும் ஒரே உறையில், பெட்டியைக் கிளறாமல் எடுக்கும்படி இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கார்டைப் போனில் காட்டலாம் என்பார்கள். நிறுத்தும் இடத்தில் சிக்னல் இருக்காது, அல்லது உங்கள் போனைப் போலீஸ் கையில் கொடுக்க வேண்டிவரும். தாளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத் தாள். அதில் யார் யார் ஓட்டலாம் என்று பெயர் இருக்கும். "அஞ்சு நிமிஷம் நீ ஓட்டுடா, கண் சொக்குது" என்று பெயரில்லாத மச்சானிடம் கொடுத்து, அந்த அஞ்சு நிமிடத்தில் விபத்தானால் வாடகைக் கம்பெனியின் காப்பீடு உங்களைக் கைவிடலாம். கவுண்டரிலேயே பெயர் சேர்த்துவிடுங்கள்.

இந்திய லைசென்ஸில் ஓட்டும் புதியவர்கள் ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கி வந்திருப்பீர்கள். அது ஓராண்டுக்குத்தான் செல்லும். இந்திய லைசென்ஸும் கூடவே இருந்தால்தான் அதற்கு மதிப்பு. நீங்கள் ஒரு மாநிலத்தில் குடியேறிவிட்டால் அந்த மாநில லைசென்ஸை வாங்கித்தான் ஆக வேண்டும்.

கிரீன் கார்டு உள்ளவர்கள் கார்டையும், எச்-1பி, எச்-4, எஃப்-1 விசா ஆட்கள் பாஸ்போர்ட்டையும் ஐ-94 தாளையும் (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். வந்திருக்கும் அப்பா அம்மாவுடையதையும். 18 வயதைத் தாண்டிய வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

3. ஓட்டும்போது

வேகவரம்பைவிட எட்டு மைல் அதிகமாக க்ரூஸ் கன்ட்ரோல் (காரே ஒரே வேகத்தைக் காக்கும் வசதி) வைத்துக்கொள்ளும் ஆட்கள் உண்டு. எனக்கு அதில் அபிப்பிராயம் இல்லை. ஒரு மைல் அதிகம் போனாலும் டிக்கெட் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஒன்று சொல்கிறேன். ராத்திரியில் க்ரூஸ் கன்ட்ரோல் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். எட்டு மணி நேரம் ஓட்டியபின் 90-க்கும் 75-க்கும் வித்தியாசமே காலுக்குத் தெரிவதில்லை. என்னை ஒரு வெள்ளை எஸ்யூவி தாண்டிப் போயிற்று. அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். அது ஏதோ ஓர் எக்ஸிட்டில் இறங்கிவிட்டது, நான் அதே வேகத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். "எல்லாரும் அதே வேகத்துலதான் போனாங்க" என்பது கோர்ட்டில் எடுபடாது என்று வக்கீல் பிறகு சொன்னார்.

ரேடார் டிடெக்டர் (போலீஸ் ரேடாரை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் கருவி) வாங்கி மாட்டியிருந்தால் வர்ஜீனியா எல்லைக்கு முன்பே கழற்றி டிக்கியில் வையுங்கள். வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் அது சட்டவிரோதம்.

போனைக் கையில் பிடிப்பது நியூ ஜெர்சி, மேரிலாந்து, வர்ஜீனியா, ஜார்ஜியா எல்லாவற்றிலும் தடை. தென் கரோலினாவும் 2025 செப்டம்பரில் சேர்ந்துகொண்டது. வழி பார்க்கக்கூடக் கையில் எடுக்காதீர்கள், ஸ்டாண்டில் மாட்டிவிடுங்கள்.

ஓரத்தில் போலீஸ் காரோ ஆம்புலன்ஸோ இழுவை வண்டியோ விளக்குப் போட்டு நின்றால், பக்கத்து லேனுக்கு மாறுங்கள். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். ஐம்பது மாநிலங்களிலும் இது சட்டம். நம்மில் பலருக்கு இது தெரியாது.

வர்ஜீனியாவில் ரெக்லெஸ் என்பது வேகத்துக்கு மட்டும் இல்லை. பிள்ளைகளை இறக்க நிற்கும் பள்ளிப் பேருந்தைத் தாண்டுவது, மேட்டின் உச்சியில் எதிரே வருவது தெரியாமல் முந்துவது, பிரேக் சரியில்லாத வண்டியை ஓட்டுவது, மழையிலோ பனியிலோ வரம்புக்குள்ளேயே போனாலும் நிலைமைக்கு மீறிய வேகத்தில் போவது ஆகியவையும் அந்தப் பெயரில் வரும். சறுக்கிப் போய்த் தடுப்பில் இடித்துவிட்டு, உதவிக்கு வந்த போலீஸிடம் ரெக்லெஸ் டிக்கெட் வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

4. பின்னால் விளக்கு எரிந்தால்

இண்டிகேட்டர் போட்டு வலது ஓரத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். ராத்திரி என்றால் உள்விளக்கைப் போடுங்கள். கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வையுங்கள். பிறகு ஒன்றும் செய்யாதீர்கள்.

இந்த 'ஒன்றும் செய்யாதீர்கள்' என்பதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம். நான் நிறுத்திய மறு நொடி அப்பா பின்கதவைத் திறந்துவிட்டார். "நீ உக்காருடா, நான் இறங்கிப் பேசுறேன். வயசானவன் சொன்னா கேப்பாரு." ஒரு கால் வெளியே வைத்துவிட்டார். பின்னாலிருந்து ஸ்பீக்கரில் ஒரு குரல்: காருக்குள்ளேயே இருக்கவும். அம்மா அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்ததில் மடியிலிருந்த புளியோதரை டப்பா கவிழ்ந்தது. ட்ரூப்பர் ஜன்னலுக்கு வந்தபோது அவர் கை இடுப்பில் இருந்தது. ஊரில் இறங்கிப் போய்ப் பேசுவது மரியாதை. இங்கே அது மிரட்டல். காரில் பெரியவர்கள் இருந்தால் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: நிறுத்தினால் யாரும் இறங்கக் கூடாது, பைக்குள் கை விடக் கூடாது. பர்ஸைத் திறந்து நோட்டை எடுப்பதைக் கனவிலும் நினைக்கக் கூடாது. அது லஞ்சம் கொடுக்க முயன்ற தனிக் குற்றமாகும்.

தாள்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, பிறகு எடுங்கள். "எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் தெரியுமா?" என்று கேட்பார்கள். பொய் சொல்லாதீர்கள், அதே சமயம் எண்ணைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. நான் "தொண்ணூறு இருக்கும் ஆபீசர், சாரி" என்று உருகிவிட்டேன். நேர்மைக்குப் பரிசு கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. அவர் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார், வக்கீலிடம் அந்தக் குறிப்புத்தான் முதலில் வந்து நின்றது. "மன்னிக்கவும், அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை" என்று மரியாதையாகச் சொல்லலாம். காரைச் சோதிக்கட்டுமா என்று அனுமதி கேட்டால் அதையும் மரியாதையாக மறுக்கலாம்.

தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுங்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வது இல்லை. கோர்ட்டுக்கு வருவேன் என்ற உறுதி மட்டும்தான். மறுத்தால் வர்ஜீனியாவில் கைது செய்வார்கள். வாக்குவாதம் அங்கே வேண்டவே வேண்டாம், அதற்கு இடம் கோர்ட். நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று நீதிபதி ட்ரூப்பரிடம் கேட்பார். என் வழக்கில் கேட்டார்.

5. தாளை அன்றைக்கே படியுங்கள்

அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தியதும் படியுங்கள். (பங்க் ஊழியர் போட்டே பழகிய நியூ ஜெர்சி ஆட்கள், சொந்த மாநில எல்லை தாண்டியதும் பெட்ரோலைத் தாங்களே போட வேண்டும் என்பது இன்னொரு கலாசார அதிர்ச்சி.) நான்கு விஷயங்கள் பாருங்கள்.

சட்டப்பிரிவு எண். வர்ஜீனியாவில் 46.2-862 என்றோ, ரெக்லெஸ் என்ற சொல்லோ இருந்தால் அது கிரிமினல் வழக்கு. வெறும் ஸ்பீடிங் என்றால் மூச்சு விடலாம். அதற்கு மீறிய ஒவ்வொரு மைலுக்கும் 6 டாலர் என்ற கணக்கில் அபராதமும் செலவுத் தொகையும் முன்கூட்டியே கட்டி முடித்துக்கொள்ளலாம்.

ஆஜராக வேண்டுமா. ரெக்லெஸ் வழக்கை ஆன்லைனில் கட்டி முடிக்க முடியாது. கட்டும் வசதி இருக்கும் வழக்குகளிலும் ஒன்றை மறக்காதீர்கள்: பணம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வட கரோலினா டிக்கெட்டை அவசரப்பட்டுக் கட்டிவிட்டு, பிறகு இன்ஷூரன்ஸ் ஏறியதும் விழிப்பவர்கள் நிறைய.

தேதி, நேரம், கோர்ட் முகவரி. வர்ஜீனியாவில் இது ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட். அந்தக் கோர்ட்டுகளின் இணையத் தேடலில் உங்கள் பெயரைப் போட்டால் சில நாட்களில் வழக்கு தெரியும். எழுதியிருக்கும் வேகமும் தேதியும் தாளோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

முகவரி. லைசென்ஸில் பழைய வீட்டு முகவரி இருந்தால் எல்லாத் தபாலும் அங்கேதான் போகும்.

"வேற ஸ்டேட்தானே, விட்டுடு, அங்க நாம திரும்பப் போகப்போறமா?" இதை என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள், மூவரும் படித்தவர்கள். பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. வெளிமாநில டிக்கெட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால், உங்கள் மாநிலமே உங்கள் லைசென்ஸை முடக்கும். ரெக்லெஸ் வழக்கில் வராமல் போனால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதலாம், வாரன்ட்டும் பிறக்கலாம். பிறகொரு நாள் எங்கோ ஒரு சாதாரணச் சோதனையில் அது கணினியில் தெரியும்.

6. வக்கீல்: வைக்க வேண்டுமா, எவ்வளவு ஆகும்

வெறும் ஸ்பீடிங்குக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ரெக்லெஸ் என்றால் வையுங்கள், அதிலும் விசாவில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் ஊர் வக்கீல் பயன்பட மாட்டார். அந்த மாநிலத்தில் உரிமம் பெற்று, அதே கோர்ட்டுக்கு வாராவாரம் போகிறவராக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த கடிதங்களில் நாலு பேரிடம் பேசினேன். முதல் ஆள் 600 டாலர், கடைசி ஆள் 1,800. நான் 900 கேட்டவரை வைத்தேன், அவர் ஒருவர்தான் எதையும் விற்கப் பார்க்காமல் முதலில் கேள்வி கேட்டார். கட்டணம் மொத்தமா, தள்ளிப்போனால் கூடுமா, மேல்முறையீடு சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். "நூறு சதவீதம் தள்ளுபடி வாங்கித் தருகிறேன்" என்பவரை விட்டு ஓடுங்கள்.

"நான் வராமல் நீங்களே போக முடியுமா?" என்றும் வக்கீலிடம் கேளுங்கள். சில நீதிபதிகள் அனுமதிப்பார்கள். வேகம் 90-ஐத் தாண்டியிருந்தால் வரச் சொல்வதே அதிகம். 100-ஐத் தாண்டிய வழக்குகளில் சில நாள் சிறை என்பது வர்ஜீனியாவில் வெறும் மிரட்டல் இல்லை, நடப்பது.

7. கோர்ட்டுக்கு முன் சேர்க்க வேண்டியவை

தேதி பொதுவாக ஒன்றிரண்டு மாதம் தள்ளி வரும். அந்த இடைவெளி உங்களுக்குச் சாதகம். வீணாக்காதீர்கள்.

ஸ்பீடோமீட்டர் சோதனை. கார் காட்டும் வேகமும் உண்மை வேகமும் ஒன்றா என்று மெக்கானிக் சோதித்துச் சான்றிதழ் தருவார். வக்கீல் சொல்லும் இடத்தில், அவர் கேட்கும் வடிவத்தில் வாங்குங்கள். சில கோர்ட்டுகளில் நோட்டரி கையெழுத்து வேண்டும். எனக்கு இதில்தான் அதிர்ஷ்டம். முந்தைய வருடம் டயர் மாற்றியபோது கொஞ்சம் பெரிய அளவில் போட்டிருந்தேன். கார் 88 காட்டும்போது உண்மையில் 91 போய்க்கொண்டிருந்தது. 88-உம் குற்றம்தான், ஆனால் 'இந்த ஆள் வேண்டுமென்று 91 போகவில்லை' என்று சொல்ல ஒரு தாள் கிடைத்தது. புதிய கார்கள் பெரும்பாலும் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். அப்படி வந்தால் சான்றிதழை உறையிலேயே வைத்துவிடுங்கள்.

டிரைவர் இம்ப்ரூவ்மென்ட் வகுப்பு. எட்டு மணி நேரம். நீதிபதி சொல்வதற்கு முன்பே முடித்துக்கொண்டு போவது நல்லது. ஆன்லைன் வகுப்பை ஏற்பார்களா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். என்னை நேரில்தான் போகச் சொன்னார்கள், ஒரு சனிக்கிழமை போயிற்று.

டிரைவிங் ரெக்கார்டு. உங்கள் மாநில டிஎம்வியிடம் வாங்க வேண்டும். நியூ ஜெர்சியில் 15 டாலர். அது சுத்தமாக இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ரேடார் கருவி சோதனைச் சான்றிதழை வக்கீல் பார்த்துக்கொள்வார். வர்ஜீனியாவில் அது ஆறு மாதத்துக்குள் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டியிருந்தால்கூட உங்கள் பக்கம் காற்று வீசும். எனக்கு வீசவில்லை.

8. கோர்ட் நாள்

முந்தைய நாளே போய்ப் பக்கத்தில் தங்குங்கள். ஏழு மணி நேரம் விரட்டிக்கொண்டு போய் வழியில் இன்னொரு டிக்கெட் வாங்கினால் கதை முடிந்தது. பல கோர்ட்டுகளில் போனை உள்ளே விடமாட்டார்கள். காரிலேயே வைத்துவிட்டு, தாள்கள் அனைத்தையும் அச்செடுத்து எடுத்துப் போங்கள். இஸ்திரி போட்ட சட்டை போதும்.

அறையில் அறுபது பேர் இருந்தார்கள். என் முறை வர இரண்டு மணி நேரம். வழக்கு நாலு நிமிடத்தில் முடிந்தது. ரெக்லெஸ் என்பது சாதாரண ஸ்பீடிங்காகக் குறைந்தது, 150 டாலர் அபராதம், செலவுத் தொகை தனி. எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. எனக்கு முன்னால் நின்ற பையன், இருபது வயதிருக்கும், தாளே எடுத்து வரவில்லை. ரெக்லெஸ் அப்படியே உறுதியானது.

தீர்ப்பு பாதகமானால் பத்து நாட்களுக்குள் சர்க்யூட் கோர்ட்டுக்கு மேல்முறையீடு செய்யலாம். அங்கே விசாரணை முதலிலிருந்து புதிதாக நடக்கும். பத்து என்றால் பத்துதான்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

பாயிண்ட்: வெளிமாநில மீறல் ஒவ்வொன்றுக்கும் நியூ ஜெர்சி இரண்டு பாயிண்ட் போடும். மூன்று ஆண்டில் ஆறு சேர்ந்தால் தனி சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்). நியூயார்க் ஆட்களுக்கு இதில் கொடுப்பினை உண்டு. வெளிமாநில ஸ்பீடிங்குக்கு அங்கே பாயிண்ட் ஏறாது. வர்ஜீனியாவிலேயே லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ரெக்லெஸ் என்றால் ஆறு பாயிண்ட், 11 ஆண்டு அந்த ரெக்கார்டில் நிற்கும். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போதுதான் உண்மையான அடி தெரியும், பாயிண்ட்டைப் பார்க்காமல் தண்டனையையே பார்க்கும் கம்பெனிகளும் உண்டு.

விசா: விசாவுக்கு விண்ணப்பிக்கும் டிஎஸ்-160 படிவத்தில், எந்தக் குற்றத்துக்காவது கைதோ தண்டனையோ உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ரெக்லெஸ் தண்டனை உறுதியாகியிருந்தால் 'டிராஃபிக் விஷயம்தானே' என்று கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' போட முடியாது. பொய்ப் பதில் அந்தத் தண்டனையைவிடப் பெரிய சிக்கல். விசா ஸ்டாம்பிங் போகுமுன், கிரீன் கார்டு படிவம் நிரப்புமுன், இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேளுங்கள். டிராஃபிக் வக்கீலுக்கு இது தெரியாது, என்னுடையவர் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். வேலை மாறும்போது வரும் பின்னணிச் சோதனைப் படிவத்திலும் மிஸ்டிமீனர் கேள்வி இருக்கும்.

வழக்கு எப்படி முடிந்தாலும், கோர்ட் கிளார்க்கிடம் தீர்ப்பின் சான்றிட்ட நகலை அன்றைக்கே வாங்குங்கள். இரண்டு பிரதி வாங்குங்கள். கோர்ட்டுகள் பழைய கோப்புகளை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. நமக்கோ குடியுரிமை நேர்காணல் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் வரும்.

10. கேமரா டிக்கெட்

மேரிலாந்தில் சாலை வேலை நடக்கும் இடங்களில் கேமரா இருக்கும். வரம்பைவிட 12 மைல் மீறினால் படம் எடுக்கும். முன்பு எல்லாருக்கும் ஒரே 40 டாலராக இருந்தது. 2025 ஜனவரி முதல் வேகத்துக்கேற்ப 500 டாலர் வரை, ஆட்கள் வேலையில் இருந்தால் 1,000 டாலர் வரை ஏறுகிறது. டி.சி.க்குள் நுழைந்து வெள்ளை மாளிகை பார்த்துவிட்டு வரலாம் என்று போனால் அங்கே இன்னும் அதிகம் கேமரா. 11 மைல் மீறினாலே 100 டாலர். இதற்குப் பாயிண்ட் கிடையாது, காரின் உரிமையாளருக்குத் தபாலில் வரும், கட்டிவிட்டு மறந்துவிடலாம். வாடகைக் கார் என்றால் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கையாளும் கட்டணம் சேர்த்து உங்கள் கார்டில் எடுக்கும்.

ஆக, ஊர் திரும்பிய பிறகும் இரண்டு மூன்று மாதம் தபாலைக் குப்பை என்று கிழிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை இப்போது அப்பா எடுத்துக்கொண்டிருக்கிறார். வருகிற ஒவ்வொரு உறையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது வர்ஜீனியாவாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேஜையில் வைக்கிறார்.